ஒரு சஹன், ஆறு பேர்: கதைக்குள்ள இருந்து ஆரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவீங்க?

வாவிக்கரை எழுதியது:

பிடித்த கதாபாத்திரம் யாரென்று கேட்டால் ஆளுக்குப் பத்துப் பெயர் சொல்லலாம். அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு ராச்சாப்பாடு கொடுக்கலாமா என்று கேட்டால் அதில் ஒன்பது கழிந்துவிடும். வாசிக்க இனிக்கிற ஆளெல்லாம் பக்கத்தில் குந்திச் சாப்பிட ஒத்துவருகிற ஆள் இல்லை.

அதனால் இந்த இழைக்கு ஒரு கட்டுப்பாடு. ஒரு சஹன் (பலர் சுற்றிக் குந்தி ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடுகிற பெரிய வட்டத்தட்டு), அதைச் சுற்றி ஆறு பேர். வீட்டுக்காரர் பரிமாறுவார், குந்தமாட்டார். காப்பியம், கூத்து, நாவல், அரபுக்கதை எதிலிருந்தும் எடுக்கலாம். வரலாற்றில் இருந்த ஆள் என்றால் கதையில் வருகிற வடிவத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். பெயரைப் போட்டுவிட்டு ஓடக்கூடாது. என்ன சாப்பிடுவார், எத்தனை மணிக்கு, யாருக்குப் பக்கத்தில் இருத்தக்கூடாது, எங்கே பிழைக்கும், இவ்வளவும் வேண்டும்.

கற்பனை விருந்துக்கு முன்னோடி ஆயிரத்தொரு இரவுகளில் இருக்கிறது. நாவிதனின் ஆறாவது சகோதரன் பசியோடு ஒரு பர்மகிப் பிரபு வீட்டுக்குப் போகிறான். பிரபு இல்லாத தண்ணீரில் கை கழுவி, வெறுந்தட்டைக் காட்டி ஒவ்வொரு கறியாகப் புகழ்கிறார். இவனும் சளைக்காமல் மென்று விழுங்குகிறான். கடைசியில் இல்லாத மதுவில் வெறித்தவன்போல் நடித்து வீட்டுக்காரரின் பிடரியில் ஒன்று போடுகிறான். அவர் சிரித்துவிட்டு உண்மைச் சாப்பாடு வரவழைக்கிறார். கற்பனைச் சாப்பாட்டையும் முறையாகச் சாப்பிடத் தெரிந்தவனுக்குத்தான் உண்மைச் சாப்பாடு கிடைக்கும் போல.

தொடக்கத்துக்கு என்னுடைய மூவர்: பொன்னியின் செல்வனில் இருந்து வந்தியத்தேவன், பூங்குழலி, ஆழ்வார்க்கடியான். மிச்ச மூன்று இடத்தை நிரப்புங்கள்.


கல்முனைக் காக்கா எழுதியது:

தம்பி சஹன் என்று எழுதினதால சஹன் கணக்கை முதல்ல பேசுவம்.

ஆறு பேருக்கு கீரிச் சம்பா ஒரு கிலோ, ஒண்டேகால் கிலோக் கோழி ஒண்டு. கோழியை எட்டாவோ பத்தாவோ வெட்டினாப் பங்குல சண்டை வரும். காலைத் தொடை வேற, கீழ்க்கால் வேற என்று பிரிச்சா நாலு, நெஞ்சு ரெண்டு, ஆக ஆறு. முதுகையும் செட்டையையும் ஆணத்துக்குள்ள (குழம்புக்குள்ள) போட்டிருங்க. அச்சாறு நடுவில, வட்டிலப்பம் கடைசியாத் தனிக் கோப்பையில.

இதுல விருந்தாளியைத் தீர்மானிக்கிற விசயம் ரெண்டு. ஒண்டு, ஆறு பேரும் சேராமச் சஹன் வைக்க மாட்டாங்க. அஞ்சு பேர் வந்து ஒராள் பிந்தினா அஞ்சு பேரும் காத்திருக்கணும். ரெண்டு, எல்லாரும் ஒரே தட்டுல கை வைக்கிறாங்க. தன்ர முன்னுக்கு இருக்கிற பங்கைத்தான் தின்னணும், எதிர்ப்பக்கம் கை நீட்டப்படாது. ஆகவே நேரத்துக்கு வாறவர், இறைச்சி தின்றவர், அளவாத் தின்றவர், அடுத்தவர் கை பட்டாக் கூசாதவர். இந்த நாலுலயும் தேறினாத்தான் இடம்.

ஆழ்வார்க்கடியான் ரெண்டாவதுலயே விழுந்துட்டார். வீர வைஷ்ணவர், கோழி கிடக்கிற தட்டுல கை வைப்பாரா?

என்ர பக்கம் ரெண்டு பேர், ஆயிரத்தொரு இரவுகள்ல வாற சிந்துபாத்தும், அந்தக் கதையெல்லாம் ராவுராவாச் சொன்ன ஷஹ்ராசாத்தும். சிந்துபாத் பக்தாத்துல சுமைதூக்கி ஒருத்தனைக் கூப்பிட்டு ஒவ்வொரு நாளும் சாப்பாடு போட்டு, ஒரு பயணக்கதை சொல்லி, 100 பொற்காசும் குடுத்து அனுப்பின ஆள். விருந்து வைக்கத் தெரிஞ்சவனுக்கு விருந்துக்கு வரவும் தெரியும். ஆறாவது பயணத்துல கப்பல் உடைஞ்சு, மிதவை கட்டி, மலைக்குள்ளால ஓடுற ஆத்துல வந்து கரையேறின இடம் செரந்தீப். நம்மட நாட்டுக்கு ஏற்கெனவே வந்து போனவர் என்ற கணக்கிலயும் எடுக்கலாம்.


களரி எழுதியது:

கூத்தை மறந்திட்டீங்களே. கட்டியகாரன் இல்லாம ஒரு சபை கூடுமா?

ஆனா அவனைச் சஹனுக்குக் கூப்பிடாதீங்க, வாசலுக்குக் கூப்பிடுங்க. ராசா வாறதை அறிவிக்கிறதும் சபையைச் சிரிக்க வைக்கிறதும்தான் அவன்ட வேலை. விருந்தாளியளை ஒவ்வொருத்தரா அறிவிச்சு உள்ளுக்கு விட அவனைவிட ஆள் இல்லை.

கூத்துல வடமோடி, தென்மோடி என்று ரெண்டு வகை. வடமோடி ராசாக்கள் எவரையும் கூப்பிட வேண்டாம், எவ்வளவு பிடிச்சாலும். காரணம் உடுப்பு. கரப்புடுப்பு இடுப்பைச் சுத்தி வட்டமா விரிஞ்சு நிக்கும். அதோட பாயில குந்தேலாது. குந்தினாலும் பக்கத்துல ரெண்டு பேர்ட இடத்தைப் பிடிக்கும், சஹன் எட்டாது. தலையில கிரீடப் பாரம் வேற, குனிஞ்சு சோத்தை அள்ளினாச் சரியும். தென்மோடி ஆள் என்றால் உடுப்புப் பாரம் குறைவு, தலையில பூமுடிதான், சமாளிக்கலாம்.

இன்னொண்டு வரவு. கூத்துல ஒவ்வொரு பாத்திரமும் வரவுத்தரு (வருகைப் பாட்டு) பாடி ஆடிக்கொண்டுதான் களரிக்கு வரும். ஆறு பேரும் வரவு ஆடி முடிக்க மத்தளக்காரர் களைச்சிருவார், சோறு ஆறி விறைச்சிரும். கூத்து விடியும்வரை போகலாம், சோறு போகாது.


நிலாவெளிச்சம் எழுதியது:

கண்ணகி! இதுவரை யாருமே சொல்லவில்லையே. ஒரு அரசனையே கேள்வி கேட்ட பெண். எனக்கு முதல் இடம் அவளுக்குத்தான்.


காரைதீவுப் பிள்ளை எழுதியது:

தங்கச்சி, நீங்க சொல்ற கண்ணகி புத்தகத்துல இருக்கிறா. எங்கட பக்கத்துல கோயில்ல இருக்கிறா. காரைதீவு, தம்பிலுவில் என்று கரை நெடுக அம்மனுக்கு வைகாசியில கதவு திறந்து, கண்ணகி வழக்குரைக் காவியம் படிச்சு, குளிர்த்தி பாடி அனுப்புறம். கோபத்தோட வந்த தாயைக் குளிரப்பண்ணி அனுப்புறதுக்கு இவ்வளவு முறை இருக்கு. அவவைச் சஹன்ல ஆறில ஒராளாக் கணக்குப் பண்ணேலாது.

பாஞ்சாலிக்கும் அதே கதைதான். பாண்டிருப்புல திரௌபதை அம்மன், 18 நாள் சடங்கு, முடிவுல தீமிதிப்பு. பாண்டவர் அஞ்சு பேரும் அந்தச் சடங்குக்குள்ள வாற ஆக்கள். வீமனைச் சாப்பாட்டு ராமன் என்று பகிடி விட வெளியூர்ல ஏலும், பாண்டிருப்புல ஏலாது.

என்ர முடிவு, கோயில் உள்ள ஆள் பட்டியல்ல வரப்படாது. இழை தொடங்கினவர் இதை விதியில சேர்க்கோணும்.


வாவிக்கரை எழுதியது:

சேர்த்தாச்சு. கோயிலும் சடங்கும் உள்ளவர்களுக்கு அழைப்பு இல்லை.

ஆழ்வார்க்கடியான் விசயத்தில் காக்கா சொன்னது சரி. வீரநாராயணபுரத்தில் முதல் முதல் தலைகாட்டும்போதே சைவரோடும் அத்வைதியோடும் தடியைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிற ஆள். திருநீறு பூசின வீட்டில் அவரை இருத்தினால் கறி பரிமாறுவதற்கு முன்னமே பரம்பொருள் யார் என்ற வழக்குத் தொடங்கிவிடும். ஆனால் ஆளை முற்றாக விட மனம் வரவில்லை.


மாலதி டீச்சர் எழுதியது:

விடத் தேவையில்லை, வேறு பந்தி வையுங்கள். அதற்கு ஒரு துணையும் இருக்கிறது.

கண்ணகி கூடாதென்றால் மாதரியைக் கூப்பிடுங்கள். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் அடைக்கலம் கொடுத்ததும் கோவலனையும் கண்ணகியையும் தன் இடத்தில் வைத்துப் பார்த்த இடையர் குலத்து முதுமகள். விருந்தாளி சாவக நோன்பி (சமண இல்லறத்தார்) என்று அறிந்ததும் தாங்கள் சமைத்த பாத்திரத்தில் சமைக்கச் சொல்லவில்லை. அடிசில் ஆக்கப் புதுக்கலங்கள் கொடுக்கச் சொல்கிறாள். பொருட்கள் முழுவதும் காப்பியத்தில் இருக்கின்றன: பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, பாலும் மோரும். பனையோலைத் தவிசு, குமரிவாழைக் குருத்தில் சாப்பாடு. வந்தவருக்கு எது ஆகும், எது ஆகாது என்று கேளாமலே கண்டுபிடிப்பவள். விருந்தாளியாக வந்தாலும் மற்றவர் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆழ்வார்க்கடியானை இவளோடு இருத்துங்கள். ஆய்ச்சியர் குரவையில் தீய நிமித்தம் கண்டு மாயவனுக்குக் குரவை ஆடலாம் என்று முன்னின்றவள் மாதரி. அவர் யாருக்காகச் சண்டை பிடிக்கிறாரோ அந்தக் கண்ணனை இவள் ஏற்கெனவே பாடிவிட்டாள். அவருக்குத் தடி தேவைப்படாது.

ஒரே கவனம், மதுரைப் பேச்சை எடுக்கக்கூடாது. அடைக்கலமாக வந்தவனைக் காப்பாற்ற முடியாமல் போனதற்காகத் தீப்பாய்ந்தவள்.

பலாக்காய்க்கு அளவு சொல்கிறேன். கொட்டை முற்றாத பிஞ்சு ஒன்றரைக் கிலோ எடுத்தால் தோலும் நடுத்தண்டும் போக ஒரு கிலோ தேறும். கத்திக்கும் உள்ளங்கைக்கும் தேங்காயெண்ணெய் பூசாவிட்டால் பால் ஒட்டி இரண்டு நாளைக்கும் போகாது. வெட்டிய துண்டை உடனே மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் போட வேண்டும், வெளியில் வைத்தால் கறுக்கும். கொறுக்காய்ப்புளி இரண்டு சுளை, கறுவா, ரம்பை, கறிவேப்பிலை, இரண்டாம் பால் மூன்று கோப்பை. மெல்லிய நெருப்பில் முக்கால் மணித்தியாலம் மூடி அவியவிட்டு, துண்டு நசுங்குகிற பதத்தில்தான் முதற்பால். முதற்பாலைத் தொடக்கத்திலேயே ஊற்றுகிறவர்களுக்குப் பால் திரைந்து எண்ணெய் மேலே நிற்கும், கறி வறண்டுபோகும்.

மிளகாய் போடாதீர்கள். அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.


நிலாவெளிச்சம் எழுதியது:

ஏன் டீச்சர், மிளகாய் இல்லாமல் மட்டக்களப்பில் விருந்தா?


மாலதி டீச்சர் எழுதியது:

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கேயர் கடல்வழி கண்டு வந்த பிறகுதான் இந்தப் பக்கம் வந்தது, அதாவது 1500க்குப் பிறகு. இதுவரை பெயர் வந்த எவரும் அதற்குப் பிந்திய காலத்து ஆள் இல்லை. வந்தியத்தேவன் சோழர் காலம், சிந்துபாத் ஹாரூன் அல் ரஷீத் காலம், மாதரி அதற்கும் முந்தியவள். ஒருவர் நாக்கிலும் மிளகாய் பட்டதில்லை. எங்கள் கறித்தூளில் ஒரு மேசைக்கரண்டி போட்டு ஆணம் வைத்தால் முதல் கவளத்தோடு விருந்து முடிந்தது. உருளைக்கிழங்கும் தக்காளியும்கூட அவர்களுக்குத் தெரியாது. தேத்தண்ணியும் அப்படித்தான்.

கறிமிளகு, இஞ்சி, சீரகம், கொத்தமல்லி, உள்ளி, கறுவா, ஏலம் எல்லாம் அவர்களுக்குப் பழக்கம். ஒரு கிலோக் கோழிக்கு மிளகு ஒன்றரை மேசைக்கரண்டி போதும். வறுத்து, இறக்குவதற்குச் சற்று முன்னர் இடித்துப் போட்டால் மணம் நிற்கும். முன்கூட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும்.

எதற்கும் எருமைத் தயிர் ஒரு சட்டி பக்கத்தில் இருக்கட்டும். மண்சட்டி தண்ணீரை உறிஞ்சுவதால் கவிழ்த்தாலும் விழாத கட்டியாக இருக்கும். பிளாஸ்டிக்கில் உறையவிட்ட தயிர் அந்தப் பதத்துக்கு வராது, கரண்டி பட்ட இடமெல்லாம் தண்ணீர் விடும்.


சுங்கான்கெண்டை எழுதியது:

அப்ப மிளகாய் தெரிஞ்ச ஒரே விருந்தாளியை நான் கொண்டு வாறன். டிராகுலா பிரபு. 1897ல வந்த நாவல், முதல் அத்தியாயத்துலயே அந்தப் பயணி மிளகாய்த்தூள் போட்ட கோழி தின்னிட்டு ராவில கூசாவில இருந்த தண்ணி முழுக்கக் குடிக்கிறான். 😄

மற்ற எல்லாம் பிரச்சினைதான், ஒத்துக்கொள்றன். அவர் விருந்து வைப்பார், தின்ன மாட்டார். கோட்டைக்கு வந்தவனுக்குப் பொரிச்ச கோழி, சீஸ், சலட், பழைய வைன் எல்லாம் வைச்சிட்டு, நான் சாப்பிட்டாச்சு என்று சும்மா இருந்தவர். சஹன்ல ஆறாவது பங்கு மிச்சம்.


கல்முனைக் காக்கா எழுதியது:

தம்பி, நம்மட கோழி ஆணத்துல ஒரு கிலோவுக்கு உள்ளி எட்டுப் பல் போகுது. மறுகா அந்த மனிசன் எங்க குந்துவார்?


களரி எழுதியது:

உள்ளி பிறகு, முதல்ல ஊருக்குள்ள எப்பிடி வருவார்? ஓடுற தண்ணியைக் கடல் பெருகி நிக்கிற நேரம், இல்லாட்டி வத்துப்பெருக்கு மாறுற இடைநேரம் மட்டும்தான் தாண்டேலும் என்று அந்த நாவல்ல விதி இருக்கு. மட்டக்களப்பு நகரம் இருக்கிற புளியந்தீவுக்கு நாலு பக்கமும் வாவி. முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கிற காலம் என்றால் தண்ணி ஓடாது, பாலத்தால வந்திரலாம். மாரியில முகத்துவாரம் வெட்டிவிட்ட பிறகு தண்ணி கடலுக்கு இழுக்கும், அப்ப அங்கால கரையிலதான் நிப்பார்.

அதோட வீட்டு ஆள் ஒருத்தர் முதல்ல வாங்க என்று சொல்லாம உள்ளுக்கு வரேலாது. கட்டியகாரனை வாசல்ல விட்டா அவன் ஆளைப் பாராம எல்லாரையும் வாங்கோ என்றுதான் பாடுவான். ஆகவே டிராகுலாவையும் கட்டியகாரனையும் ஒரே ராவுல வைக்காதீங்க.


மடைச்சோறு எழுதியது:

மணிமேகலையை விட்டுவிட்டீர்கள். அவளைக் கூப்பிட்டால் அமுதசுரபி கூட வரும், அரிசிக்கணக்கே தேவையில்லை.

பாத்திரக் கணக்கில் இதைக் கவனியுங்கள். பாஞ்சாலியின் அட்சய பாத்திரம் அவள் சாப்பிட்டு முடித்ததும் அன்றைக்கு ஒன்றும் தராது. துர்வாசர் கூட்டத்தோடு பிந்தி வந்தபோது மாட்டிக்கொண்டது அதனால்தான். அமுதசுரபிக்கு அந்த வரம்பு இல்லை, எடுக்க எடுக்க வரும். மணிபல்லவத்தில் கோமுகிப் பொய்கையில் வைகாசிப் பூரணையில் அது தோன்றும், முதல் பிச்சையைக் கற்புடைய ஆதிரை இட்ட பிறகு பெருகத் தொடங்கியது.

இடைஞ்சல் நேரம். பௌத்தத் துறவிகள் நண்பகலுக்குப் பிறகு உண்பதில்லை. ராச்சாப்பாட்டுக்கு அவளைக் கூப்பிடுவது முறையில்லை. பகல் 11 மணிக்கு அழைத்து, 12க்கு முன்னர் முடித்துவிடுங்கள். மாதரிப் பந்தியும் பொழுது பட முன்னர் முடிய வேண்டும், அவளுக்குச் சமணவிரதம் இல்லைதான், ஆனால் அந்த அடிசில் சாவகருக்கென்று வந்த அடிசில். இங்கே ஆறு மணியோடு பொழுது படும், ஆகவே நாலரைக்கு இலை போட்டால் சரி.

மணிமேகலை வந்தால் காயசண்டிகையையும் துணிந்து கூப்பிடலாம். முனிவர் 12 ஆண்டுக்கு ஒருமுறை உண்ணும் பனங்காயளவு நாவற்பழத்தை மிதித்துச் சிதைத்தவள், 12 ஆண்டு யானைத்தீ என்ற தீராப் பசி சாபம். அவளைச் சாதாரணச் சஹனில் இருத்தினால் மற்ற ஐவரும் பட்டினி. அமுதசுரபியில் ஒரு பிடி வாங்கினால் பசி ஆறிவிடும். ஆகையால் அவளுக்கு முதலில் அமுதசுரபிச் சோறு, பிறகுதான் மற்றவை. வரிசை மாறக்கூடாது.


சுங்கான்கெண்டை எழுதியது:

பசி என்றால் கும்பகர்ணன்தானே. அம்பாறை நெல்லுப் போதாதா?


மடைச்சோறு எழுதியது:

கம்பர் கணக்கு 600 வண்டிச் சோறு, அதுக்கு மேலே குடங்குடமாகக் கள். வண்டிக்குப் பத்து மூடை என்று குறைத்துப் பிடித்தாலும் 6,000 மூடை. அது பசியை எழுப்பத்தான், அதற்குப் பிறகு 1,200 எருமைக்கிடா. கிடாதான் என்பதால் தயிருக்குப் பங்கமில்லை. ஆனால் ஆளை எழுப்பவே ஒரு படை வேண்டும். ஆறுபேரும் சேராமல் சஹன் வைக்கேலாது என்று காக்கா சொன்ன பிறகு இவரைப் பற்றிப் பேசிப் பயனில்லை.


காரைதீவுப் பிள்ளை எழுதியது:

சமைக்கிற ஆளை ஒருத்தரும் பேசேல்லையே. நளன் இருக்கும்போது ஏன் கேற்றரிங்?

சுயம்வரத்துல தேவர்கள் குடுத்த வரத்துல யமன் குடுத்தது கைச்சுவை. வாகுகனா உருமாறி இருதுபன்ன ராசாவிட்ட இருந்த காலத்துல தமயந்தி ஆளைப் பிடிச்சதே சமையலை வைச்சுத்தான். அவட தோழி கேசினி போய்ப் பார்க்கிறா, வெறும் பானையை அவன் பார்த்தாத் தண்ணி நிறையுது, புல்லைப் பிடிச்சா நெருப்புப் பத்துது. காஸ் சிலிண்டர் விலைக்கு இதைவிட என்ன வேணும்?

ரெண்டு கவனம். வாசல்ல ஒரு செம்பு தண்ணி வைச்சு, குதிகால் நனையக் கால் கழுவச் சொல்லுங்க. கால் சரியாக் கழுவாத ஒரு நாள்லதான் கலி அவனுக்குள்ள புகுந்தது. மற்றது, சாப்பாட்டுக்குப் பிறகு தாயமோ சீட்டோ எடுக்கப்படாது. ஆள் நாட்டையே வைச்சு ஆடினவன், உங்கட வீட்டையும் வைப்பான்.

மிளகாய் அவனுக்கும் தெரியாது. டீச்சர்ட பிரச்சினையும் தீர்ந்துது.


மாலதி டீச்சர் எழுதியது:

நளன் நல்ல தெரிவு. சஹனுக்கு மாதவியையும் சேர்க்கிறேன். ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டில் அரங்கேறி, தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெற்றவள். அந்த அரங்கேற்று காதையின் இசைப் பகுதியைக் கொண்டுதான் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் யாழ் நூல் எழுதினார், 1947இல் அரங்கேறியது. யாழைப் பற்றி அவளிடம் கேட்க இந்தக் கரையில் ஆள் இருக்கிறது.

ஆனால் கோவலனை அதே இரவில் கூப்பிடாதீர்கள். கடற்கரையில் ஒருவர் கானல்வரி பாட மற்றவர் அதற்கு எதிராகப் பாடி, பாட்டிலேயே ஐயம் புகுந்து பிரிந்தவர்கள். கோவலன் இல்லாத இரவிலும் சாப்பாடு முடிந்து கை கழுவிய பிறகே யாழ் வெளியே வரட்டும்.


வாவிக்கரை எழுதியது:

வந்தியத்தேவனுக்கும் பூங்குழலிக்கும் துணையாக ஊமை ராணி மந்தாகினியை வைக்கிறேன். பூங்குழலிக்கு அத்தை. காது கேளாது, பேச்சு வராது, சொல்ல வேண்டியதைக் கையாலும் சித்திரத்தாலும் சொல்வாள். ஈழத்துக் காட்டையும் கரையையும் அறிந்தவள்.

வட்டமான சஹன் இவளுக்கு வசதி, நீள மேசையில் பாதிப்பேரின் முகம் தெரியாது. இதில் ஐந்து முகமும் தெரியும். பூங்குழலியைப் பக்கத்தில் இருத்தாமல் நேர் எதிரே இருத்த வேண்டும், அவள்தான் மொழிபெயர்ப்பு. விளக்கு மந்தாகினியின் முதுகுப் பக்கம் உயரத்தில் இருந்தால் மற்றவர்களின் முகத்தில் வெளிச்சம் விழும், இவள் கண்ணில் குத்தாது. வலது கை சோற்றில் இருக்கும்போது இவள் இடது கையால்தான் பேசுவாள். பேச்சு நீண்டால் சாப்பாடு நின்றுவிடும். இவள் கை சோற்றில் இருக்கும்போது கேள்வி கேட்காதீர்கள், கவளம் முடியட்டும். பக்கத்தில் ஒரு சிலேற்றும் சோக்கும்.

வந்தியத்தேவன் இவர்கள் இருவருக்கும் நடுவே ஒரு பக்கம். கோடிக்கரையில் பூங்குழலியைத் துரத்திப் போய்ப் புதைசேற்றில் இறங்கி, அவளே தூக்கிவிட்ட ஆள். அதனால் அவள் முன்னால் வீரம் பேச மாட்டான், பேசினாலும் ஒரு பார்வையில் அடங்குவான். அவனை நம்பி ஓலை, கடிதம், இரகசியம் எதையும் கிட்டத்தில் வைக்காதீர்கள்.


கல்முனைக் காக்கா எழுதியது:

அப்ப வந்தியத்தேவன், பூங்குழலி, மந்தாகினி, மாதவி, சிந்துபாத், ஷஹ்ராசாத். ஆறு சரி. மாதவி பிறகு துறவு பூண்டவ, துறவுக்கு முந்தின மாதவியைக் கூப்பிடுங்க, இல்லாட்டி அவவும் பகல் பந்திக்குப் போயிருவா.

ஷஹ்ராசாத்துக்கு ஒரு குறிப்பு. அவ தானாக் கதை தொடங்கிறதில்ல. தங்கச்சி துன்யாசாத் பக்கத்துல இருந்து கதை சொல்லு என்று கேட்டாத்தான் தொடங்குவா. தங்கச்சிக்கு இடம் இல்லாததால அந்த வேலையை வந்தியத்தேவனுக்குக் குடுங்க, கேள்வி கேக்கிறதுல அவனுக்குக் கூச்சமில்ல. விடியச் சேவல் கூவினா நடுவிலயே நிப்பாட்டுவா, மிச்சம் கேக்கணும் என்றால் அடுத்த ராவும் சோறு ஆக்கணும்.

சிந்துபாத்தை அவவுக்கு முன்னால பேச விடுங்க. ரெண்டு பேரும் கதைகாரர், பிந்திப் பேசுறவர்தான் வெல்லுவார். கதைக்குள்ள ஆள் முந்தி முடிச்சாத்தான் கதை சொன்னவ ஆறுதலாத் தொடங்கலாம்.


நிலாவெளிச்சம் எழுதியது:

பெல்ஜியத் துப்பறிவாளர் பொய்ரோவுக்கு இடமே இல்லையா? மீசையை அவ்வளவு கவனமாக வைத்திருக்கிற ஆள்.


மாலதி டீச்சர் எழுதியது:

ஒரே அளவில்லாத இரண்டு முட்டை வைத்தால் சாப்பாடு இறங்காத மனிதர் அவர். ஆறு கை புகுந்த சஹனைப் பார்த்தால் மயங்கிவிடுவார். வட்டிலப்பத்துக்கு மட்டும் கூப்பிடுங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரே அளவுக் கோப்பையில் அவித்தால் சந்தோசப்படுவார்.

அளவு: கித்துள் கருப்பட்டி 250 கிராம், முட்டை ஆறு, கெட்டித் தேங்காய்ப்பால் 300 மில்லிலீற்றர், ஏலம் ஐந்து, சாதிக்காய் ஒரு சிட்டிகை. கருப்பட்டியைச் சீவிப் பாலில் சூடேற்றாமல் கரைத்து வடிக்க வேண்டும், மண் இருக்கும். முட்டையை நுரைக்க அடிக்கக்கூடாது, கலந்தால் போதும். நுரை வந்தால் அவிந்த பிறகு உள்ளே துவாரம் விழும். மேலே எண்ணெய்க் கடதாசி மூடி, மெல்லிய ஆவியில் 45 நிமிடம். மூடியில் இருந்து தண்ணீர் சொட்டினால் மேற்பரப்பு குழியும். நெருப்புக் கூடினால் முட்டை இறுகி, பாணி அடியில் பிரிந்து நிற்கும். கோப்பை சிறிதென்றால் 25 நிமிடத்தில் ஈர்க்கிலால் குத்திப் பாருங்கள்.


சுங்கான்கெண்டை எழுதியது:

ஒரு கேள்வி. சிந்துபாத்துக்கு ஏழு பயணம், ஒரு நாளைக்கு ஒண்டுதான் சொல்லுவார் என்றால் ஏழு ராச்சாப்பாடு. வட்டிலப்பத்தை முதல் நாளே மொத்தமா அவிச்சு வைக்கேலுமா?


கல்முனைக் காக்கா எழுதியது:

ஏலாது தம்பி. தேங்காய்ப்பாலும் முட்டையும் போட்ட சாமான், பிரிட்ஜ்ல மூணு நாள்தான் நல்லா இருக்கும். முதல் நாள் ஒருக்கா, நாலாம் நாள் ஒருக்கா, ஏழாம் நாளைக்கு வேற. கருப்பட்டி 750 கிராம், முட்டை ஒன்றரை டசன் எடுத்து வைங்க. கோழி ஏழு.